நடுவழியில் நிற்கும் பழைய ஆம்னி: இன்ஜினைப் பிரிக்கும் முன் பார்க்க வேண்டியவை

'அரளி சாகுபடி செய்கிறோம். சேலம் பூ மார்க்கெட்டுக்கு மூட்டை ஏற்றிப் போக, போன வருஷம் 1998 மாடல் மாருதி ஆம்னி ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். பெட்ரோல் வண்டி, கார்புரேட்டர் மாடல். விடியற்காலையில் போகும்போது தொந்தரவு இல்லை. வெயில் ஏறித் திரும்பும்போது நாமக்கல் சாலையில் பாதி வழியில் திணறி நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் விட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது. கறுப்புப் புகை வருகிறது. வண்டிக்குள் பெட்ரோல் வாடை அடிக்கிறது. கார்புரேட்டரை இரண்டு தடவை சர்வீஸ் செய்துவிட்டோம். இப்போது, இன்ஜின் போய்விட்டது, ரீபோர் செய்ய 28,000 ரூபாய் ஆகும் என்கிறார் மெக்கானிக். ஆயில் குறையவில்லை, போன மாதத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் தெரிகிறது. சொட்டுநீர்க் குழாய் மாற்ற வைத்திருக்கும் பணத்தை இதில் போடலாமா?'

- ஒரு வாசகர், பனமரத்துப்பட்டி, சேலம் மாவட்டம்.

இப்போதைக்குப் போட வேண்டாம். ரீபோர் பற்றி முடிவெடுக்கும் முன் செய்து பார்க்க வேண்டிய சோதனைகள் இருக்கின்றன. அவற்றுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

அதற்கும் முன்னால் ஒரு எச்சரிக்கை. வண்டிக்குள் பெட்ரோல் வாடை அடிக்கும் வரை அந்த ஆம்னியில் ஆட்களை ஏற்றக் கூடாது. ஆம்னியில் இன்ஜின் இருப்பது முன் சீட்டுக்கு அடியில். அங்கே பெட்ரோல் கசிந்தால், ஓட்டுகிறவரும் பக்கத்தில் இருப்பவரும் கசிவின் மேலேயே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பூவைக் கொண்டு போக இரண்டு நாளைக்கு வேறு வண்டியைப் பார்த்துக்கொள்வதே நல்லது.

கடிதத்தின் கடைசி வரி

கிணற்று மோட்டாரில் தண்ணீர் வரவில்லை என்றால் எந்த விவசாயியும் உடனே மோட்டாரை மேலே தூக்குவதில்லை. மூன்று பேஸும் வருகிறதா, பீஸ் போயிருக்கிறதா, ஸ்டார்ட்டர் இழுக்கிறதா, ஃபுட் வால்வில் தண்ணீர் நிற்கிறதா என்று வரிசையாகப் பார்த்த பிறகுதான் மோட்டாரில் கை வைப்பார். பெட்ரோல் இன்ஜினுக்கும் அதே வரிசைதான். பெட்ரோல் சரியாக வருகிறதா, பிளக்கில் கரண்ட் வருகிறதா, காற்று சரியாகப் போகிறதா, கடைசியாக இன்ஜினில் கம்ப்ரஷன் இருக்கிறதா. முதல் மூன்றையும் பார்க்காமல் நான்காவதற்குத் தாவினால், பணம் போன பிறகும் கோளாறு அப்படியே இருக்கும்.

பனமரத்துப்பட்டி வாசகர் எழுதியதில் மிக முக்கியமான செய்தி, அவர் போகிற போக்கில் சொன்ன ஆயில் விஷயம். ரிங் தேய்ந்த இன்ஜின் ஆயிலைக் குடிக்கும். நீலப் புகை விடும். இங்கே ஆயில் குறையவில்லை. புகையும் கறுப்பு. ஆயில் அளவு கூடுகிறது என்றால் அதில் வேறு ஏதோ கலக்கிறது. அது தண்ணீராக இருந்தால் ஆயில் பால் கலந்த காபி நிறத்துக்கு மாறும், ரேடியேட்டரில் தண்ணீர் குறையும். இரண்டும் இல்லை என்றால் கலப்பது பெட்ரோலாகத்தான் இருக்க வேண்டும்.

இதைச் சோதிக்க எந்தக் கருவியும் வேண்டாம். இன்ஜின் ஆறிய பிறகு, வண்டியைச் சமதரையில் நிறுத்தி, டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பார்க்க வேண்டும். பெட்ரோல் வாடை அடித்தால், இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தால் வழவழப்பு இல்லாமல் தண்ணீர் மாதிரி இருந்தால், சந்தேகம் உறுதிப்படுகிறது. பக்கத்தில் பீடி, சிகரெட், தீக்குச்சி எதுவும் கூடாது.

பெட்ரோல் ஆயிலுக்குள் எப்படிப் போகிறது?

இந்த மாடல் ஆம்னியிலும், அதே 796 சி.சி., மூன்று சிலிண்டர் இன்ஜின் கொண்ட பழைய மாருதி 800 காரிலும், டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்க மின்சாரப் பம்ப் கிடையாது. சிலிண்டர் ஹெட்டின் பக்கத்தில் பொருத்திய சிறிய மெக்கானிக்கல் பம்ப்தான். கேம் ஷாஃப்ட் சுற்றும்போது அது ஒரு கையை அசைக்க, உள்ளே இருக்கும் டயஃப்ரம் என்ற ரப்பர் சவ்வு மேலும் கீழும் போய்ப் பெட்ரோலை இழுத்துக் கார்புரேட்டருக்குத் தள்ளும்.

அந்தச் சவ்வு கிழிந்தால் பல கோளாறுகள் ஒன்றாக வரும். பெட்ரோலின் ஒரு பங்கு இன்ஜினுக்குள் இறங்கி ஆயிலோடு கலக்கும். கலந்த பெட்ரோல் இன்ஜின் சூட்டில் ஆவியாகி, மூச்சுக் குழாய் வழியாகக் கார்புரேட்டருக்கே திரும்பிப் போய் கலவையைக் கெட்டியாக்கும். அதனால் கறுப்புப் புகையும் வாடையும் வரும். கார்புரேட்டருக்குப் போகும் பெட்ரோல் குறைவதால், வெயிலில் அதிலும் கொஞ்சம் குழாயிலேயே ஆவியாகிவிட, வண்டி திணறி நிற்கும். ஆறிய பிறகு பம்ப் மறுபடி கொஞ்சம் இழுக்கும், வண்டி கிளம்பும். கடிதத்தில் உள்ள எல்லா அறிகுறியும் இந்த ஒரு பொருளில் வந்து சேர்கின்றன. கார்புரேட்டரை எத்தனை தடவை கழுவினாலும் இது தீராது.

பம்ப் உடம்பின் அடியில் பெரும்பாலும் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதன் வழியாகப் பெட்ரோலோ ஆயிலோ ஈரம் தட்டியிருந்தால் சவ்வு போய்விட்டது என்று அறியலாம். அங்கே ஈரம் இல்லாமல் ஆயிலில் மட்டும் பெட்ரோல் வாடை அடித்தால், அடுத்துப் பார்க்க வேண்டியது கார்புரேட்டரின் ஃப்ளோட்டும் நீடிலும். நம் தண்ணீர்த் தொட்டியின் மிதவை வால்வு போலத்தான் அவை வேலை செய்கின்றன. நீடில் தேய்ந்தாலோ, ஃப்ளோட்டுக்குள் பெட்ரோல் புகுந்து கனத்துப்போனாலோ, தொட்டி நிரம்பி வழிவது போலப் பெட்ரோல் வழிந்து சிலிண்டர் வழியாக ஆயிலில் இறங்கும். வண்டியை நேரில் பார்க்கும் மெக்கானிக் இந்த இரண்டில் எது என்று கண்டுபிடித்துவிடலாம்.

இதில் ஒன்றை விட்டுவிடக் கூடாது. பம்ப்பை மாற்றிய அன்றே ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்ற வேண்டும். பெட்ரோல் கலந்து நீர்த்த ஆயில் பேரிங்கையும் சிலிண்டரையும் காக்காது. அந்த ஆயிலோடு ஓட்டிக்கொண்டே இருந்தால், இன்று தேவைப்படாத ரீபோர் சில மாதத்தில் உண்மையாகவே தேவைப்படும்.

எத்தனாலுக்கும் இதில் பங்கு உண்டு

மோகனூர் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு அனுப்புகிற விவசாயிக்கும், மக்காச்சோள விலையைக் கவனிக்கிற நாமக்கல் கோழிப் பண்ணைக்காரருக்கும் எத்தனால் புதிய சொல் அல்ல. பெட்ரோலில் 10 சதவிகிதம் எத்தனால் கலக்கும் இலக்கை நாடு 2022-ல் எட்டியது. 2025-ல் அது 20 சதவிகிதமாகிவிட்டது. 1998-ல் செய்த ரப்பர் இந்தப் பெட்ரோலை நினைத்துச் செய்யப்பட்டதல்ல. பழைய ரப்பர் குழாய், பம்ப் சவ்வு, கேஸ்கெட் ஆகியவை எத்தனாலில் ஊறி உப்பலாம், வெடிக்கலாம். பழைய வண்டிகள் சிலவற்றில் 20,000 முதல் 30,000 கி.மீ. ஓட்டத்துக்குப் பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டி வரலாம் என்று மத்திய அரசின் விளக்கமே சொல்கிறது.

இன்னொரு விஷயம், எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. புதிய வண்டியில் கம்ப்யூட்டர் அதைக் கணக்கிட்டுப் பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். கார்புரேட்டரில் ஜெட் ஓட்டையின் அளவு மாறாது. அதனால் கலவை கொஞ்சம் நீர்த்துப் போய், ஆக்சிலேட்டரை மிதித்தவுடன் வண்டி ஒரு கணம் தயங்கும். ஏற்றத்தில் இழுவை குறையும். இது இன்ஜின் போனதற்கு அடையாளம் அல்ல. அனுபவம் உள்ளவர் மிக்ஸர் ஸ்க்ரூவைச் சிறிது திருத்தினால் அந்தத் தயக்கம் குறையலாம்.

ஆகவே பம்ப்பை மாற்றும்போது, டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரையுள்ள ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் ஃபில்டரையும் கிளிப்புகளையும் சேர்த்தே மாற்றிவிடுவது நல்லது. எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்ற குழாய் என்று கடையில் கேட்டு வாங்க வேண்டும். தண்ணீர்க் குழாயையோ மருந்தடிக்கும் குழாயையோ வெட்டிப் போடுவது ஆபத்து.

பம்ப் சரியாக இருந்தும் வெயிலில் நின்றால்?

வண்டி எப்படி நின்றது என்பதை ஓட்டுகிறவர் கவனித்துச் சொன்னால் மெக்கானிக்கின் வேலை பாதியாகக் குறையும். இழுத்து இழுத்து, திணறி, இருமி நின்றால் பெரும்பாலும் பெட்ரோல் பக்கம் கோளாறு. சாவியைத் திருப்பி நிறுத்தியது போலப் பட்டென்று நின்றால் கரண்ட் பக்கம் கோளாறு. காயில், கன்டென்சர், டிஸ்ட்ரிபியூட்டர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சூட்டில் கரண்ட் விட்டுவிட்டு, ஆறியதும் மறுபடி வேலை செய்வது பழைய காயிலின் குணம்.

திணறி நின்ற வண்டியின் டேங்க் மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால், மூடியின் காற்று ஓட்டை அடைத்திருக்கிறது. காற்று உள்ளே போகாமல் பெட்ரோல் வெளியே வராது. மூடியைச் சுத்தம் செய்தாலோ மாற்றினாலோ போதும். அதுவும் இல்லை என்றால், சாவியை அணைத்துவிட்டு, பம்ப் மேல் மட்டும் ஈரத்துணி போட்டுச் சில நிமிடம் பொறுத்துப் பார்க்கலாம். உடனே கிளம்பினால் குழாயில் பெட்ரோல் ஆவியாகி அடைத்தது என்று பொருள். குழாய் இன்ஜின் சூட்டுக்கு மிக அருகில் போகிறதா என்று பார்த்து நகர்த்திக் கட்ட வேண்டும்.

ரீபோர் வேண்டுமா என்பதைத் தீர்மானிப்பது எப்படி?

மூன்று பிளக்கையும் கழற்றி வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். பிஸ்கட் நிறம் நல்லது. உலர்ந்த கரி பிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெள்ளையாக வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. ஆயில் பிசுபிசுப்பு இருந்தால் ரிங் அல்லது வால்வு வழியாக ஆயில் ஏறுகிறது.

அடுத்தது கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்ப்பது. பத்து, பதினைந்து நிமிட வேலை. மூன்று சிலிண்டரிலும் அளவு குறையாமல், ஏறக்குறைய சமமாகவும் இருந்தால் ரீபோர் பேச்சையே எடுக்க வேண்டாம். ஒன்று மட்டும் மிகக் குறைவாக இருந்தால், அந்தச் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். அளவு ஏறினால் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டரில் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். வால்வுக்கும் கேஸ்கெட்டுக்கும் ரீபோர் தேவையில்லை. இந்த அளவுகளைத் தாளில் எழுதிக் கொடுக்காமல் ரீபோர் என்று சொன்னால், வேறொரு மெக்கானிக்கிடமும் காட்டுவது நியாயம்தான்.

லாரிக்குப் பெயர் போன நாமக்கல், சங்ககிரி வட்டாரத்தில் மெக்கானிக்குகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கார்புரேட்டரில் கை பழகியவர்கள் குறைந்துவருகிறார்கள். பழைய மாருதி, அம்பாசிடர் வேலை பார்த்த மூத்தவர் யாராவது பக்கத்தில் இருந்தால் விசாரித்துப் போவது பலன் தரும்.

பணம் போடும் முன் ஆர்.சி.

1998 மாடல் என்பதால் ஆர்.சி. புதுப்பித்திருக்கிறதா, தகுதிக் காலம் எப்போது முடிகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். 20 ஆண்டைத் தாண்டிய கார்களுக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இன்ஜினுக்குப் பெரிய தொகை போட்ட பிறகு இந்தச் செலவும் வந்து நின்றால் கணக்கு மாறிவிடும்.

---

'விசைத்தெளிப்பானுக்காகக் கேனில் வாங்கி வைத்த பெட்ரோல் மீதி இருந்தது. மூன்று மாதம் கழித்து எங்கள் பழைய மாருதி 800-ல் ஊற்றினோம். அன்றிலிருந்து மிஸ்ஸிங். ஐடிலில் நிற்பதே இல்லை. கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருகிப் பார்த்தும் சரியாகவில்லை.'

- ஒரு வாசகர், சேந்தமங்கலம், நாமக்கல் மாவட்டம்.

எத்தனால் ஈரத்தை இழுக்கும். சரியாக மூடாத கேனில் மழைக்கால ஈரக்காற்று புகுந்தாலும், மூடியில் நின்ற தண்ணீர் கொஞ்சம் இறங்கினாலும், அது பெட்ரோலில் கலந்துவிடும். அளவு மீறியதும் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். டேங்கின் அடியிலிருந்துதான் இன்ஜினுக்குப் பெட்ரோல் போகிறது. முதலில் போவது அந்தத் தண்ணீர்தான்.

டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, நிழலில் அரை மணி நேரம் அசைக்காமல் வைத்தால், அடியில் கோடு போட்டது போலத் தனி அடுக்கு தெரியும். தெரிந்தால் டேங்கை முழுதும் வடித்து, ஃபில்டரை மாற்றி, கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தையும் ஜெட்டுகளையும் சுத்தம் செய்ய வேண்டும். ஜெட்டில் கம்பி விட்டுக் குத்தக் கூடாது. பித்தளை ஓட்டை ஒரு மயிரிழை பெரிதானாலும் கலவை கெட்டுவிடும். கார்புரேட்டர் கிளீனரும் காற்றும் போதும். தெளிப்பானுக்காக டூ ஸ்ட்ரோக் ஆயில் கலந்த பெட்ரோலாக இருந்தால் பிளக்கிலும் கரி பிடித்திருக்கும். அதையும் பார்த்துவிட வேண்டும்.

ஸ்க்ரூவைத் திருகியதுதான் இப்போது இரண்டாவது சிக்கல். இனி யார் கை வைத்தாலும், முதலில் ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே முடியும்வரை திருகி எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிக்கொண்டு, அதே சுற்றுக்குத் திருப்பி வைத்த பிறகே திருத்தத் தொடங்க வேண்டும். இறுக்கினால் ஊசி முனை கெடும். இன்ஜின் நன்றாகச் சூடேறி, சோக் முழுதும் உள்ளே போய், ஏர் ஃபில்டர் மாட்டிய நிலையில்தான் ட்யூனிங் செய்ய வேண்டும். செம்மண் புழுதியிலும் கோழித் தீவன உமியிலும் ஓடும் வண்டிக்கு ஏர் ஃபில்டரை அடிக்கடி பார்ப்பது அவசியம். அடைத்த ஃபில்டரோடு ட்யூனிங் செய்தால், ஃபில்டரை மாற்றியதும் ட்யூனிங் கெட்டுவிடும்.

சந்தை நாளுக்கு மட்டும் எடுக்கும் வண்டியை, மூன்று நான்கு நாளுக்கு ஒரு தடவையாவது பத்து கிலோமீட்டர் ஓட்டி வருவது நல்லது. நின்றே கிடந்தால் கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் ஆவியாகிப் பிசின் படிந்து ஜெட்டை அடைக்கும்.

---

'எங்கள் ஆம்னியில் எல்.பி.ஜி. கிட் இருக்கிறது. கேஸில் நன்றாக ஓடுகிறது. பெட்ரோலில்தான் ஓட மறுக்கிறது. பெட்ரோலை விட்டுவிட்டு, அவசரத்துக்கு வீட்டு சிலிண்டரை மாட்டி ஓட்டலாம் என்கிறார்கள். சரியா?'

- ஒரு வாசகர், இடைப்பாடி, சேலம் மாவட்டம்.

சரியல்ல. வீட்டு சிலிண்டரை வண்டியில் மாட்டுவது சட்டப்படி குற்றம். அதைவிடப் பெரிய விஷயம், அது உயிரோடு விளையாடுவது. வண்டிக்கான கேஸ் டேங்க்கில் அளவுக்கு மேல் நிரம்பாமல் தடுக்கும் வால்வும், குழாய் அறுந்தால் கேஸை நிறுத்தும் வால்வும் உண்டு. வீட்டு சிலிண்டரில் அவை இல்லை. வீட்டு சிலிண்டரிலிருந்து வண்டி டேங்க்குக்கு கேஸ் மாற்றும்போது ஒரு தீப்பொறி போதும். கிட் ஆர்.சி.யில் பதிவாகியிருக்க வேண்டும். டேங்க்கின் சோதனைத் தேதி முடியாமல் இருக்க வேண்டும். கசிவு பார்க்கச் சோப்பு நுரை மட்டும்தான். தீக்குச்சி கூடவே கூடாது.

கோளாறைப் பொறுத்தவரை இந்த வாசகருக்கு வேலை எளிது. கேஸில் நன்றாக ஓடுகிறது என்றால் பிளக், காயில், கம்ப்ரஷன் எல்லாம் நன்றாக இருக்கின்றன. இன்ஜினைத் தொட வேண்டியதில்லை. கோளாறு பெட்ரோல் பாதையில் மட்டும்தான். கேஸிலேயே நெடுநாள் ஓட்டியதால் பம்ப் சவ்வு காய்ந்திருக்கலாம். கார்புரேட்டரில் பிசின் படிந்திருக்கலாம். பெட்ரோலைத் திறந்து மூடும் வால்வுக்கு மின் இணைப்பு விட்டுப்போயிருக்கலாம். சுவிட்சைப் பெட்ரோலுக்கு மாற்றும்போது அந்த வால்வில் 'டிக்' என்று சத்தம் கேட்க வேண்டும். சரிசெய்த பிறகு, தினமும் காலையில் ஸ்டார்ட் செய்து முதல் சில கிலோமீட்டரைப் பெட்ரோலில் ஓட்டிவிட்டுக் கேஸுக்கு மாறினால் இந்தத் தொந்தரவு திரும்ப வராது.

பெட்ரோலைக் கையால் கார்புரேட்டரில் ஊற்றி ஸ்டார்ட் செய்யும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. இன்ஜின் ஒரு தடவை எதிர்த்து அடித்தால் நெருப்பு முகத்துக்கே வரும். எவ்வளவு அவசரமானாலும் அதைச் செய்ய வேண்டாம். ஒரு கிலோ தீயணைப்பு உருளை ஒன்றைக் கைக்கு எட்டும்படி ஓட்டுநர் சீட்டருகே கட்டி வைப்பது, மூன்று வாசகர்களுக்கும் பொருந்தும்.